வாசுகி சொன்னால் ஓரி

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் யோகேஸ்வரன் கூடத்துச் சன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்துவான். கண்ணாடிமேல் கறுப்புத் துணியை இறக்கிவிடுவான். வெளி வெளிச்சம் பட்டால் வெள்ளிக்காசு கேமராவில் பளீரென்று அடித்து, எழுத்தே தெரியாமல் போய்விடும். அடுத்து மின்விசிறியை நிறுத்துவான். காசைத் தட்டிக் காட்டும்போது அதன் ஓசை பார்ப்பவர்களுக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும். கடைசியாக முன்கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். ஏலம் நடக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் யாராவது கூப்பிட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டால் எல்லாம் கெட்டுவிடும்.

பாடாங் செராயில் ஒரு தாமான் குடியிருப்பின் கடைசி வரிசை வீடு அது. அடைத்த கூடத்தில் வட்ட விளக்கின் முன்னால் வாசுகி உட்காருவாள். அவள் முகம் படத்தில் வராது. கறுப்பு வெல்வெட் துணிமேல் உறை போட்ட இரண்டு கைகள் மட்டும் தெரியும். அந்தக் கைகள் காசைத் தராசில் வைக்கும், காந்தத்தை அருகில் கொண்டுபோகும், விரல்நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் மெல்லத் தட்டும், பிறகு உருப்பெருக்கிக்குக் கீழே தள்ளும். காசு திரை முழுக்க விரியும். எல்லாம் ஆன பிறகு வாசுகி ஒரே ஒரு சொல் சொல்வாள்.

"ஓரி."

அசல் என்பதற்கு அந்தப் பக்கத்தில் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒன்றாகச் சொல்கிற சொல் அது. அவள் வாயிலிருந்து அது வந்த பிறகுதான் விலை ஏறத் தொடங்கும்.

வாசுகிக்கு இந்த வேலை வந்து சேர்ந்ததே ஒரு சுற்று வழியில்தான். கூலிம் தொழிற்பேட்டையில் மின்னணுச் சாமான் செய்யும் ஆலை ஒன்றில் அவள் வெகுகாலம் தரச் சோதனைப் பிரிவில் இருந்தாள். வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்திருக்கும் வேலை. நகத்தைவிடச் சின்னத் தகடுகளில் கீறல், குமிழி, வெடிப்பு தேட வேண்டும். ஒரு குறை ஒரே ஒரு தகட்டில் இருந்தால் அதை எடுத்துத் தூக்கிப்போடலாம். அதே குறை அதே இடத்தில் அடுத்ததிலும் இருந்தால் மெஷினை நிறுத்தச் சொல்ல வேண்டும், கோளாறு அச்சில் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொல்லிக்கொடுத்த இந்தப் பாடம் அவள் கண்ணிலேயே ஊறிப்போயிருந்தது.

யோகேஸ்வரன் லாரி ஏஜெண்டிடம் இருந்தவன். கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு போட்ட காலத்தில் அந்த வேலை போனது. வீட்டில் சும்மா இருந்தவன் கைப்பேசியில் பழைய காசு ஏலங்களைப் பார்க்க ஆரம்பித்து, ஆசைப்பட்டு நாலைந்து காசு வாங்கினான். கூரியரில் வந்த பொட்டலத்தைப் பிரித்து மனைவியிடம் காட்டினான். அவள் சன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ரெண்டு இரும்புங்க, மேல பூச்சு," என்றாள். குளிர்பதனப் பெட்டிக் கதவில் இருந்த காந்தப் பொம்மையை எடுத்து வைத்துப் பார்த்தார்கள். காசு ஒட்டிக்கொண்டது.

அன்றிலிருந்து அவளிடம் படத்தைக் காட்டாமல் அவன் எதையும் கேட்பதில்லை. வாங்குவது விற்பதாக மாறியது. விற்பது வாராந்தர நேரலை ஏலமாக மாறியது. பேச்சு அவனுக்குக் கைவந்த கலை. மலாயும் தமிழும் அரைகுறைச் சீன ஹொக்கியனுமாகக் கலந்து அடிப்பான். ஆனால் ஆட்கள் அவனுக்காக வரவில்லை, 'அக்கா சொல்லட்டும்' என்றுதான் காத்திருந்தார்கள். கோயிலில்கூட அவளை 'ஓரி அக்கா' என்று கூப்பிட்டார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆலையில் அத்தனை காலம் குனிந்து பார்த்ததற்கு யாரும் அவள் பெயரைச் சொன்னதில்லை.

"நீ சிப்ட்டுக்குப் போய்ட்டா இங்க யாருலா பாக்கறது? நின்னுடு," என்றான் ஒருநாள். அவள் ஆலையில் எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டு நின்றாள். வாயிலில் அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது காவலாளி, "ரெஸ்ட்டா அக்கா இனிமே?" என்று கேட்டான். அவளும் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

தெற்கிலிருந்து ஒரு வியாபாரி அனுப்பியதாக ஒரு பிஸ்கட் டின் வந்தது அதற்குப் பிறகுதான். டின் நிறைய பழைய பிரிட்டிஷ் வாணிக டாலர்கள். ஒரு பக்கம் கையில் சூலமும் கேடயமுமாகக் கடற்கரையில் நிற்கும் பெண், மறுபக்கம் சீன எழுத்தும், அரபு வடிவில் மலாயை எழுதும் ஜாவி எழுத்தும். மலாய்க்காரர்கள் சூலத்தைக் கைத்தடியாக எண்ணி 'தொங்காட்' என்று சொல்கிற காசு. எடை சரியாக இருந்தது, ஓசையும் நீண்டு இனிமையாக ஒலித்தது. நகைக்கடையில் இருந்த சோதனை மெஷினும் வெள்ளி சரி என்றது. வாசுகி வாரா வாரம் அவற்றை எடுத்து ஓரி என்றாள். டின் பாதிக்குமேல் காலியானது.

ஒரு சனிக்கிழமை காலை, மறுநாளுக்கான காசுகளை அவள் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஜாவி எழுத்தொன்றின் வாலுக்குப் பக்கத்தில் நகம் பட்டதுபோல் ஒரு சின்னக் குழி. அதில் ஒன்றுமில்லை. நூறு வருஷம் கைமாறிய காசில் அடிபடாமல் இருக்குமா? அடுத்த காசை வைத்தாள். வேறு வருஷத்துக் காசு. அதே எழுத்து, அதே வால், அதே குழி.  மூன்றாவதை வைத்தாள். பிறகு டின்னில் மிச்சமிருந்த எல்லாவற்றையும் மேசைமேல் கொட்டினாள்.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க."

அவன் காப்பிக் குவளையோடு வந்து திரையைப் பார்த்தான்.

"என்ன, கீறலா? அதெல்லாம் இருக்கும்லா."

"அச்சுல குறை இருந்தா மேடா எழும்பி நிக்கும். இது உள்ள குழிஞ்சிருக்கு பாருங்க. ஒரு காசு எங்கயோ விழுந்து பட்ட அடி. அந்த அடி மத்த காசுல எப்படி வரும்? யாரோ ஒரு நல்ல காச வெச்சு அச்சு எடுத்து, வருஷத்த மாத்தி மாத்தி அடிச்சிருக்காங்க. எல்லாம் புதுசு."

அவன் குவளையை மேசைமேல் வைத்தான். 

"வெள்ளி வெள்ளிதானே வாசுகி. மெஷினே சொல்லிச்சு. யாரையும் நாம திப்பு பண்ணி ஏமாத்தல."

"வெள்ளின்னு விக்கலீங்களே. பழைய காசுன்னுதான விக்கிறோம்."

"நானும் தெரியாமத்தான் வாங்கினேன். பணமெல்லாம் குடுத்து முடிச்சாச்சு. அந்த ஆளு இனிமே போன் எடுப்பானா? பொண்ணு காலேஜ் இருக்கு. இத எங்க கொண்டு போடச் சொல்ற?"

"ஏற்கெனவே போனது?"

"அது யாருக்கும் தெரியாது." அவன் குரலைத் தணித்துக்கொண்டான். "உனக்கு மட்டும்தான் தெரியும்."

அவன் அதை ஆறுதலாகத்தான் சொன்னான். வாசுகிக்கோ கதவை வெளியிலிருந்து சாத்தித் தாழ்ப்பாள் போட்டதுபோல் இருந்தது.

மறுநாள் ஏலத்தில் டின்னில் இருந்த காசொன்று வந்தபோது அவள் எல்லாம் செய்தாள், சொல்லை மட்டும் சொல்லவில்லை. திரையோரம் கேள்விகள் ஏறின. அக்கா என்ன சொல்றாங்க, அக்கா சத்தம் வரல. யோகேஸ்வரன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு கேமரா பக்கம் திரும்பிச் சிரித்தான்.

"அக்காவுக்குத் தொண்டை கட்டியிருக்குலா. தலையாட்டிட்டாங்க. ஓரி, ஓரி."

அவள் தலையாட்டவில்லை. ஆனால் அவள் தலை படத்தில் இல்லை.

அடுத்த வாரம் வெல்வெட் துணியின் ஓரத்தில் ஒரு பச்சை அட்டையை ஒட்டி வைத்தான். வாய் திறக்க வேண்டாம், அசல் என்றால் காசைப் பச்சைமேல் தள்ளிவிட்டால் போதும் என்றான். பார்ப்பவர்களுக்கு அது புது விளையாட்டுபோல் பிடித்துப்போனது. வாசுகி தள்ளினாள். நான் ஒன்றும் சொல்லவில்லையே, கைதானே என்று முதல் சில வாரம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம் நீடிக்கவில்லை. காசைத் தள்ளும்போதெல்லாம் யாரோ பின்னாலிருந்து தன் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளுவதுபோல் தோன்றும். ஏலம் முடிந்து கதவு திறந்ததும் பின்கட்டுக்குப் போய் துணி காயும் கொடிக்கு நடுவில் நின்று மூச்சு வாங்குவாள்.

ஒருமுறை பினாங்கில் படிக்கும் மகளிடம் போனில் சொல்லிவிடலாம் என்று தொடங்கினாள். "பிரேமலா, அப்பா ஏலத்துல..." என்பதற்குள் அவள், "அம்மா, என் ரூம்மேட் எல்லாம் உங்க வீடியோ பாக்குறாங்க தெரியுமா, கையப் பாத்தே உங்கம்மாவான்னு கேட்டாங்க," என்றாள். வாசுகி சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

காளிதாசன் வந்தது ஒரு வேலை நாள் காலையில். யோகேஸ்வரன் பொட்டலங்களைக் கூரியரில் போடப் போயிருந்தான். காளிதாசன் கோத்தா கோலா மூடாவில் மளிகைக்கடை வைத்திருப்பவர். அறுபதை நெருங்கியவர், ஏலத்தில் தவறாமல் வாங்குகிறவர். கையில் ஒரு பையோடு கிரில் கதவுக்கு வெளியே நின்றார்.

"வீட்டுக்காரர் இல்லையாம்மா? பரவால்ல. உங்களத்தான் பாக்க வந்தேன் தங்கச்சி."

சட்டைப்பையிலிருந்து இரண்டு காசு எடுத்தார். எழுத்துப் பக்கம் மேலே இருக்கும்படி கிரில் சட்டத்தின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வாசுகி குனிந்து பார்க்கவே இல்லை.

"நீங்க பாக்க மாட்டேங்கறீங்க. அப்ப உங்களுக்கு முன்னமே தெரியும்," என்றார் அவர் சாந்தமாக. "முன்ன மாதிரி வாயால சொல்றதில்லையேன்னு யோசிச்சேன். கடையில உக்காந்து நல்ல கண்ணாடி வெச்சுப் பாத்தேன். கெடச்சிருச்சு."

"அண்ணே, குடுத்துட்டுப் போங்க. அவர்கிட்ட சொல்லி நான்..."

"அதெல்லாம் வேணாம். குரூப்புல போட்டா உங்க வீட்டுக்காரர் போலீஸ், ரிப்போட்டுன்னு அலையணும். எனக்கு அதுல என்ன கெடைக்கும்?" அவர் காசுகளை எடுத்து மறுபடி சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. நல்ல காசு வந்தா எழுத்துப் பக்கத்த மொதல்ல காட்டுங்க. இதுமாதிரி காசுன்னா பொம்பள பக்கத்த மொதல்ல காட்டுங்க. எனக்கு மட்டும் புரிஞ்சா போதும்."

அவள் பதில் சொல்வதற்குக் காத்திராமல், கையோடு கொண்டுவந்த பையைக் கிரில் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனார். உள்ளே பெரிய வவ்வால் மீன் இரண்டு, காலையில் பிடித்தது. வாசுகி அதைச் சமைத்தாள். யோகேஸ்வரன் நல்லா இருக்கு, எங்க வாங்கின என்று கேட்டான். பாசாரில் என்றாள்.

செய்யக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நல்ல காசு ஒன்று வந்ததும் கை தானாக எழுத்துப் பக்கத்தைத் திருப்பியது. காளிதாசன் விடாமல் விலை ஏற்றி அதை எடுத்தார். அடுத்து வந்தது டின் காசு. பெண் பக்கம் முதலில். அவர் கேட்கவே இல்லை. வேறு யாரோ சந்தோஷமாக எடுத்தார். பல மாதம் இப்படியே போனது. மற்றவர்கள் கையில் புதுக்காசு போய்ச் சேர, காளிதாசன் கையில் நல்லவை சேர்ந்தன. இரண்டு ஆண்கள் தன் கைகளுக்கு ஆளுக்கொரு கயிறு கட்டி இழுப்பதாக வாசுகிக்குத் தோன்றியது. கணவனிடம் சொன்னால் காளிதாசனைப் பகைத்துக்கொண்டு எல்லாம் வெளியே வரும். காளிதாசனுக்கு மறுத்தாலும் வெளியே வரும். சும்மா இருந்தால் அடுத்த ஞாயிறு வரும். அம்மா வீட்டுக்குப் போய்விடலாம் என்றால் ரப்பர்த் தோட்டத்தில் அந்த வீடே இப்போது இல்லை, இடித்துக் கடைவரிசை கட்டிவிட்டார்கள்.

செமிலிங்கிலிருந்து முனியாண்டி வந்தபோது மழைக்காலம். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்து, கைக்குட்டையில் முடிந்த ஒரே ஒரு காசை அவிழ்த்தார். எப்போதோ ஒருத்தனிடம் பழைய சைக்கிளை விற்றபோது மிச்சத்துக்குப் பதிலாக அவன் கொடுத்ததாம்.

"இத வித்துட்டு ஒரு மோட்டார் சைக்கிள் எடுக்கலாமான்னு பாக்கறேன். இப்ப இருக்கறது மேட்டுல ஏற மாட்டேங்குது."

வாசுகி அதைக் கருவிக்குக் கீழே வைத்தாள். குழி இல்லை. தேய வேண்டிய மேட்டில் மட்டும் தேய்ந்திருந்தது. சூலத்தின் நடுமுள்ளில் பம்பாயில் அடித்ததற்கு அடையாளமான ஆங்கில பி எழுத்து துளியாகத் தெரிந்தது. வருஷத்தைப் பார்த்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த வருஷத்தில் அடித்தவை மிகக் கொஞ்சம். அவள் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறாள்.

"ஓரியா?" என்றான் யோகேஸ்வரன்.

"ஓரி," என்றாள். பல மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல் வாயில் வந்தது அவளுக்கே புதிதாக இருந்தது.

அவன் அன்றே படம் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை இதுதான் ராஜா என்று எழுதிக் குழுவில் போட்டான். மறுநாளே காளிதாசன் அவளைப் போனில் கூப்பிட்டார்.

"செமிலிங் காச போலின்னு சொல்லிடுங்க தங்கச்சி. பச்சையில வெக்காதீங்க. வெள்ளி வெலைக்கு நான் எடுத்துக்கறேன்."

"அது ஓரி அண்ணே."

"அது எனக்கும் தெரியும். அதனாலதான் கூப்புடறேன்."

"அது அந்தப் பெரியவரோட காசு. எங்க காசு இல்ல."

"இத்தன நாளு பொய்ய ஓரின்னு தள்ளின கைதானே," என்றார் அவர், குரல் உயராமல். "ஒரு ஓரிய பொய்யின்னு தள்ள மாட்டீங்களா?"

அவர் வைத்துவிட்டார். வாசுகி போனைக் கையில் பிடித்தபடி சமையலறையில் நின்றாள். அந்த மனுஷன் கேட்டது அநியாயம். ஆனால் அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அவளை நகரவிடாமல் நிறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை முனியாண்டியும் வந்திருந்தார். தன் காசு விலை போவதைப் பார்க்க வேண்டும் என்றார். கேமராவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, இருமக் கூடாது, பேசக் கூடாது என்று சொல்லி யோகேஸ்வரன் அவரை உட்கார வைத்தான். சன்னல் சாத்தினான், துணியை இறக்கினான், விசிறியை நிறுத்தினான், கதவைப் பூட்டினான். முனியாண்டி ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு வாயை இறுக மூடியபடி உட்கார்ந்திருந்தார். அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக அரும்பியது.

சில்லறைக் காசுகள் போன பிறகு செமிலிங் காசு வந்தது. தராசு, காந்தம், தட்டல். நீண்ட, சுத்தமான ஓசை. திரையில் நிறையப் பேர் கூடியிருந்தார்கள். காளிதாசன் பெயரும் அங்கே இருந்தது. வாசுகி காசை விரல்களுக்கு நடுவில் பிடித்தாள். பச்சை அட்டை ஒரு கை தூரத்தில் இருந்தது. அவள் எந்தப் பக்கமும் தள்ளவில்லை.

"இது ஓரி," என்றாள்.

குரல் கரகரத்தது. யோகேஸ்வரன் திரும்பிப் பார்த்தான். திரையோரம் எழுத்துகள் மளமளவென்று ஏறின. அக்கா பேசிட்டாங்க. அக்கா குரல் வந்துருச்சு. விலைகளும் ஏறின. அவற்றுக்கு நடுவில் யாரோ ஒருவர், அப்ப இத்தன நாளா ஏன் சொல்லல, அந்தக் காசெல்லாம் என்ன என்று கேட்டிருந்தார். கேட்டவர் விளையாட்டாகத்தான் கேட்டிருக்க வேண்டும். யோகேஸ்வரன் அதைத் தாண்டி அடுத்த விலையைப் படித்தான்.

வாசுகி மேசைக்கு அடியில் இருந்த டின்னில் கைவிட்டு இரண்டு காசை எடுத்தாள். முனியாண்டியின் காசைக் கவனமாக ஓரத்தில் வைத்துவிட்டு, அந்த இரண்டையும் உருப்பெருக்கிக்குக் கீழே ஒட்டி வைத்தாள்.

"இத பாருங்க. இந்த எழுத்துக்குப் பக்கத்துல ஒரு அடி. ரெண்டும் வேற வேற வருஷம், அடி ஒண்ணு. இது ஓரி இல்ல. ரெண்டுமே புதுசா அச்சு எடுத்து அடிச்சது."

"வாசுகி," என்றான் யோகேஸ்வரன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"எங்ககிட்ட தொங்காட் வாங்கினவங்க எல்லாரும் இந்த எடத்தப் பாத்துக்கங்க. மொதல்ல தெரியாம ஓரின்னு சொன்னேன். அப்புறம் தெரிஞ்சே பச்சையில வெச்சேன். யாரும் அத வேற ஆளுக்கு..."

அவன் பாய்ந்து கையால் கேமராவை மூடினான். பிறகு இணைப்பை அறுத்தான். வட்ட விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

 போன்கள் மட்டும் மேசைமேல் அதிர்ந்துகொண்டே இருந்தன. முனியாண்டிதான் முதலில் வாய் திறந்தார். அதற்குமுன், அடக்கி வைத்திருந்த இருமலை இருமித் தீர்த்தார்.

"அப்ப என் காசும்மா?"

"உங்க காசு நல்ல காசுண்ணே. ரொம்ப நல்ல காசு."

"யாரு வாங்கினா?"

"யாரும் வாங்கல. நின்னு போச்சு."

அவர் புரிந்ததும் புரியாததுமாகத் தலையாட்டினார். காசைக் கைக்குட்டையில் முடிந்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கதவருகே போனார். கதவு பூட்டியிருந்தது. கைப்பிடியை இரண்டு தரம் அசைத்துவிட்டுத் திரும்பி அவர்களைப் பார்த்தார். யோகேஸ்வரன் நாற்காலியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சட்டைப்பையில் இருந்த சாவியை அவன் எடுக்கவில்லை. விசிறியைப் போடவும் யாருக்கும் தோன்றவில்லை. மூன்று பேரும் அந்தப் புழுக்கத்தில் அப்படியே இருந்தார்கள்.

"சாவியக் குடுங்க," என்றாள் வாசுகி.

அவன் அசையவில்லை.

"அவரு வீட்டுக்குப் போகணும். சாவியக் குடுங்க."

கடைசியில் அவன் சாவியை எடுத்து மேசைமேல் போட்டான். அவள் கதவைத் திறந்தாள். வெளியே வெயிலில் கண் கூசியது.

அதற்குப் பிறகு நடந்ததில் அழகாகச் சொல்ல எதுவும் இல்லை. ஒருவர் போலீசில் புகார் கொடுத்தார். யோகேஸ்வரன் போய் வாக்குமூலம் கொடுத்து, கேட்கிறவர்களுக்கெல்லாம் பணத்தைத் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டு வந்தான். பொட்டலம் ஏற்றும் வேனை விற்றான். காசு திரும்பத் திரும்ப வந்து டின் மறுபடி நிறைந்தது. பிரேமலா விஷயம் கேள்விப்பட்டுக் கூப்பிட்டாள், சிறிது நேரம் அழுதாள், பிறகு படித்துக்கொண்டே வேலை பார்க்கப்போவதாகச் சொன்னாள்.

காசைத் திருப்பித் தர மறுத்தவர்களும் இருந்தார்கள். அது வாசுகி எதிர்பார்க்காதது. தாங்கள் வாங்கியது ஓரிதான் என்றார்கள். அந்தப் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, குடும்பச் சண்டையில் உளறிவிட்டாள் என்று குழுவில் எழுதினார்கள். கோயிலில் ஒருத்தர் அவளை வழிமறித்து, "எங்க வீட்டு காசு மட்டும் ஓரின்னு ஒரு வார்த்த எழுதிப் போடுக்கா," என்று கெஞ்சினார். அவர் அதை வேறொருவருக்கு விற்றுவிட்டிருந்தார்.

காளிதாசன், தனக்கு ஆரம்பத்திலேயே சந்தேகம் இருந்ததாக நீளமாக எழுதினார். ஆட்கள் அவரைப் பாராட்டினார்கள். வாசுகி நடந்ததையெல்லாம் கணவனிடம் சொன்னபோது அவன் நம்பவில்லை.

"அவரு ஒரு காசுகூட திருப்பிக் குடுக்கலையே. அவரா நம்மள மெரட்டினாரு?"

மிரட்டக் காட்டிய அந்த இரண்டைத் தவிர, திருப்பிக் கொடுக்க அவரிடம் கெட்ட காசே இல்லை என்பதை அவள் இரண்டு தரம் விளக்கினாள். அவன் எழுந்து போய்விட்டான்.

முனியாண்டியாலும் தன் காசை விற்க முடியவில்லை. சுங்கைப் பட்டாணியில் ஒரு கடைக்குக் கொண்டுபோனாராம். எங்கே காட்டினீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பாடாங் செராய் அக்கா ஓரி என்று சொன்னதாக அவர் சொன்னதும் கடைக்காரன் சிரித்து, தொட்டுக்கூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்திருக்கிறான். வெளிநாட்டுக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்கலாம் என்று வாசுகி போனில் சொன்னாள். "இருக்கட்டும்மா, அது எங்க போகப்போகுது," என்றார் அவர்.

ஆண்டு முடிவில் யோகேஸ்வரன் டின்னைக் காடியில், மிச்சமிருந்த பழைய காரில், ஏற்றினான். அவளையும் வரச் சொன்னான். ஒரு நல்ல காசுகூட அதில் தவறிப் போய்விடக் கூடாது, நீ பார்த்துக் கொடு என்றான். சுங்கைப் பட்டாணியில் ஆசாரி ஒருவரின் பட்டறை. வாசுகி ஒவ்வொன்றையும் திருப்பி, ஜாவி எழுத்தின் வாலைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தாள். ஆசாரி அவற்றை மூசையில் போட்டுத் தீயை ஊதினார். முதலில் விளிம்பு நெளிந்தது. பெண்ணின் கேடயம் உருகி வழிந்தது. சற்று நேரத்தில் எழுத்து, சூலம், வருஷம், குழி எதுவும் இல்லை. சிவந்த குழம்பு மட்டும் கண்ணாடிபோல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"நல்ல வெள்ளி," என்றார் ஆசாரி.

யோகேஸ்வரன் அவளைப் பார்த்தான். சொன்னேனே என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

திரும்பும் வழியில் அவன் வெகுநாளைக்குப் பிறகு பேச்சுக் கொடுத்தான். சேலை நேரலையில் இப்போது நன்றாகப் போகிறதாம், தெரிந்த ஒருவன் சரக்கு தருகிறானாம்.

"இதுல போலி ஒண்ணும் இல்ல பாரு. துணிதானே. நீ பக்கத்துல உக்காந்தா போதும்."

"நான் வரலீங்க."

"பேசக்கூட வேணாம். எடுத்துக் காட்டினா போதும்லா."

"வரல."

அவன் வேகத்தைக் கூட்டினான், பிறகு குறைத்தான். சாலையின் இருபுறமும் செம்பனை வரிசை வரிசையாக வந்துகொண்டே இருந்தது. வாசுகிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இறங்கிப் போகவும் இடமில்லை. அதே காடியில், அதே வீட்டுக்குத்தான் போக வேண்டும். கண்ணாடியை இறக்கலாம் என்று பார்த்தால், அந்தப் பக்கத்துப் பொத்தான் பழுதாகி வெகுநாள் ஆகியிருந்தது.

தை பிறந்ததும் ஏஜெண்ட் மூலமாகக் கூலிமில் வேறோர் ஆலையில் அவளுக்கு வேலை கிடைத்தது. கண் சோதனையில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். ஆனால் வயதைப் பார்த்துவிட்டு மைக்ராஸ்கோப் பக்கம் விடவில்லை, பெட்டி கட்டும் இடத்தில் போட்டார்கள். காலையில் தாமான் முனையில் தொழிற்சாலை பஸ் வந்து நிற்கும். கூட நிற்கும் பெண்களில் பாதிப்பேர் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்கு அவளை யாரென்று தெரியாது. அவள் சன்னலோரம் இடம் பிடித்துக்கொள்வாள். வீட்டிலிருந்து யோகேஸ்வரனின் செய்தி வரும், சேலைக்காரன் மறுபடி கேட்கிறான் என்று. பஸ் பாலம் தாண்டும் வரை அவள் அதைத் திறந்து பார்ப்பதில்லை.